இருபத்திரண்டு நாள் அனுபவம்

ஹோம்புஷ் நிலையத்தில் ரயில் புறப்பட்டதும், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்த தன் அத்தானைச் சீண்டத் தொடங்கினாள். அவர் மனைவியுடன் கிரேக்கத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். அங்கே ஒரு நாள் முழுவதும் பாய்மரப் படகில் பயணம். இடையிடையே கடலில் நீச்சல்.

“கடல் அனுபவம் எவ்வளவு எண்டு, படகிலை ஏற முதல் நிரப்பின போமிலை கேட்டதுக்கு என்ன எழுதினீங்கள், அத்தான்? அக்கா சொல்லிச் சிரிக்கிறா.”

“இருபத்திரண்டு நாள் எண்டு எழுதினன். பொய்யே? அகதியா இஞ்சை வரேக்கை வள்ளத்திலை அவ்வளவு நாள் இருந்தனான்தானே.”

“பிறகு?”

“வழிகாட்டிப் பிள்ளை என்னைப் பழைய மாலுமி எண்டு நம்பிச் சுக்கானைக் கையிலை தந்திட்டுது. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். உன்ரை அக்கா வீடியோ எடுக்கிறா.”

அவள் சிரித்து ஓய்ந்தாள். பின்பு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“கடலுக்கை இறங்கினீங்களோ? வந்த நாளிலையிருந்து இஞ்சை பீச்சிலை கால்கூட நனைக்கேல்லையே நீங்கள்.”



“ஓம், இறங்கினனான். முதல்லை படகின்ரை ஏணியை விடேல்லை. திரும்பிப் பாத்தால், இந்தமுறை கரை தெரிஞ்சுது. அதோடை கையை விட்டிட்டன். பிறகு ஏறச் சொல்லி எல்லாரும் கூப்பிட்டினம். நான்தான் வரேல்லை.”