பூங்காவனத்தின் கைபேசியில் நான் படிக்காமல் விட்ட வரிகள்

நான் மாணிக்கவேல், வயது 71, தகப்பனார் பெயர் ஏகாம்பரம், காலம் சென்றவர். ஆரணி வட்டம், சேவூர், பஜனை கோயில் தெரு, கதவு எண் 14-இல் குடியிருந்து வருகிறேன். பட்டுத் தறிகளுக்குப் பாவு பிணைப்பது என் தொழில். அதாவது, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்துபோனால், அதன் இழை முனையோடு புதுப் பாவின் இழை முனையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிவிடுவது. இன்று 10.10.2025 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, கைபேசிக் கடை கிரண் மீது பூங்காவனம் கொடுத்திருக்கும் புகார் சம்பந்தமாக இதை எழுதிக் கொடுக்கிறேன்.

ஏட்டு ஸ்வர்ணலதா அம்மா, "நீங்க சொல்லிகினே வாங்க ஐயா, நான் எழுதிக்கிறேன், ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார். என் கையாலேயே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். "சாயங்காலம் ஆயிடுமே" என்றார். "ஆவட்டும்மா" என்றேன். அதன் பிறகு எனக்கு ஒரு பெஞ்சும் பேனாவும் தாள்களும் கொடுத்தார்கள்.

எழுபது வயது வரை நான் கைநாட்டு. போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். அதில் சேர்ந்து படித்து இந்த மார்ச் மாதம் பரீட்சை எழுதித் தேறினேன். அதன் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, வண்டி நிற்பதற்குள் போளூர், வந்தவாசி என்று பலகையைப் படித்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தெருவில் என்னை வாத்தியாரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடந்தது எல்லாம் இதிலிருந்துதான் நடந்தது.

பூங்காவனம் எனக்கு மூன்றாவது வீடு. புருஷன் இல்லை. படிக்கத் தெரியாது. என்னை மாமா என்று கூப்பிடுவாள். இந்த வருடம் ஏப்ரல் மாதம் ஆரணியில் கிரண் கடையில் ஒரு பழைய கைபேசி வாங்கினாள். நானும் கூடப் போயிருந்தேன். அப்போது கிரண் சொன்னது: "அக்கா, இது ரூட் பண்ண போனு. கம்பெனி போட்ட பூட்ட முன்னாடி வச்சிருந்தவன் ஒடச்சிட்டான். பேசறதெல்லாம் தானா பதிவாவும், எதிராளிக்குத் தெரியாது. ஆனா கம்பெனி அனுப்பற அப்டேட்டு இதுல ஒக்காராது. வந்தா தொடாதீங்க." இதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின்பக்க உறைக்குள் வைத்துக் கொடுத்தான். "அப்டேட் என்று வந்தால் பிறகு என்பதை அழுத்தவும், என்னிடம் கொண்டு வரவும், கிரண்" என்று அந்தச் சீட்டில் இருந்தது. அதைப் பூங்காவனத்துக்குப் படித்துக் காட்டியது நான்தான். இன்னொரு ஆளுக்காக நான் படித்த முதல் எழுத்து அதுதான். ஆகையால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது.

அதன் பிறகு ஜூலை மாதம் பூங்காவனத்தின் மகள் பானுப்ரியாவுக்கு, அன்பரசு என்பவரின் விசைத்தறி ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது பெல்ட்டில் கை மாட்டி, வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன அன்பரசுவின் ஆள், வீட்டுக் கிரைண்டரில் மாட்டிக்கொண்டது என்று சொல்லி எழுத வைத்துவிட்டார். பானுப்ரியா தன் ஷெட்டில் வேலை செய்யவே இல்லை என்று அன்பரசு சொல்லிவிட்டார். ஆனால் அவர் பூங்காவனத்திடம் பேசிய ஒரு பேச்சு அந்தக் கைபேசியில் பதிவாகியிருந்தது. பானுப்ரியாதான் அதைக் கண்டுபிடித்தாள். தன் அம்மாவும் திறக்கிற மாதிரி, முகப்பில் ஒரு சிவப்புப் படமாக அதை வைத்துக் கொடுத்துவிட்டு, வைத்தியத்துக்காகப் போளூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். தொழிலாளர் அலுவலக விசாரணை இம்மாதம் 16-ஆம் தேதி. அந்தப் பேச்சைத் தவிரப் பூங்காவனத்துக்கு வேறு சாட்சி இல்லை.

செப்டம்பர் மாதம் பூங்காவனம், "மாமா, இதுல இருக்கறத அப்டியே ஒரு மனுவா எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். சரி என்றேன். மூன்று நாள் மாலையில் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பெறுநர் முகவரியும் ஐயா என்பதும் எழுதினேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "குரலே இருக்குதே, எழுத்து எதுக்கும்மா" என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிட்டேன். அவள் நம்பினாள்.

அதன் பிறகு 30.09.2025 செவ்வாய்க்கிழமை காலை, கைபேசியில் ஏதோ எழுத்து வந்துகொண்டே இருக்கிறது என்று பூங்காவனம் எடுத்து வந்தாள். புதிய அப்டேட் தயாராக உள்ளது என்றும், கீழே "இப்போது நிறுவு", "பிறகு" என்றும் இருந்தது. கிரண் எழுதிய சீட்டு எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் "இப்போது நிறுவு" என்பதை அழுத்தினேன். அழுத்தினால் அடுத்து என்ன எழுதி வரும், அதைப் படிக்கலாம் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை. கைபேசி அணைந்து, மறுபடி எரிந்து, "நிறுவ முடியவில்லை" என்று வந்தது. அதைப் படித்தேன். "மீண்டும் முயல்க" என்று வந்தது. அதையும் படித்து அழுத்தினேன். இப்படி அன்றும் மறுநாளும் சேர்த்து ஐந்து முறை செய்தேன். ஐந்தாம் முறை அழுத்தியபின் கைபேசி கம்பெனிப் பெயரோடு அப்படியே நின்றுவிட்டது. சிம்மைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பொத்தானை நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். பூங்காவனம், "பேஜாரா கீது மாமா, வுடுங்க, கிரணு வரட்டும்" என்றாள். ஆயுத பூஜைக்குக் கடையை மூடிவிட்டுக் கிரண் வந்தவாசிக்குப் போயிருந்தான். நான் விடவில்லை.

அதன் பிறகு 02.10.2025 வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கைபேசியில் கறுப்புத் திரையில் சின்ன எழுத்தில் ஐந்து வரிகள் வந்தன. பூங்காவனமும், எதிர்வீட்டுப் பாஞ்சாலையும், இன்னும் மூன்று நான்கு பெண்களும் சுற்றி நின்றார்கள். நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். "சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை" என்ற முதல் வரியைப் படித்துவிட்டு, இரண்டாம் வரிக்கு வந்தபோது பாஞ்சாலை, "இன்னா வாத்தியாரே, தீவாளிக்குள்ள முடிச்சிருவியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் வரியைப் பாதி படித்தேன். அதன் பிறகு கண்ணை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு, "படிச்சிட்டேன்" என்றேன். படிக்கவில்லை.

பூங்காவனம், "அந்தப் பேச்சுக்கு ஒண்ணும் ஆவாதே மாமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாது, அப்டித்தான் எழுதிகீது" என்று சொன்னேன்.

அப்படி எழுதியிருக்கவில்லை. நான் விவரம் சொன்னதும், அதே மாதிரித் திரையின் படத்தை இன்று காலை ஏட்டம்மா தன் கைபேசியில் தேடிக் காட்டினார். முழுவதும் படித்தேன். நான் விட்ட வரிகளில், இந்தச் சாதனத்தில் உள்ள எல்லாத் தரவையும் அழிக்க வேண்டியிருக்கலாம் என்று இருக்கிறது. நாலாயிரம் இழைப் பாவை ஒரு இழை தாண்டாமல் பிணைத்தவன் நான். மூன்று வரியைத் தாண்டிவிட்டேன்.

அந்த வரிகளுக்குக் கீழே "மீண்டும் முயல்க" என்றும், அதற்கடுத்து இன்னொன்றும் இருந்தன. ஓரத்துப் பொத்தானால் கீழே இறக்கி, இரண்டாவதாக இருந்ததை அழுத்தினேன். ஏற்கெனவே ஐந்து முறை முயன்றும் பயன் இல்லாததால் இரண்டாவதை அழுத்தினேன், வேறு யோசனை இல்லை. உடனே இன்னொரு திரை வந்தது. அதில் எழுத்து குறைவு. "இதை மாற்ற முடியாது" என்று இருந்தது. அந்த மூன்று சொல்லும் வகுப்பில் படித்த சொற்கள். படித்தேன். அதற்கு மேலே "அழி" என்று தொடங்குகிற சொல்லையும் பார்த்தேன். அப்போது நிறுத்தியிருக்கலாம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆம்" என்பதை அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கைபேசி வெளிச்சமாக எரிந்து, பெரிய எழுத்தில் "வரவேற்கிறோம்" என்று வந்தது. அதை மனதுக்குள் எழுத்துக் கூட்டிவிட்டு, ஒரே மூச்சில் சத்தமாகப் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். பாஞ்சாலையும் தட்டினாள். "மெய்யாவே வாத்தியார்தான்பா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. பூங்காவனம் காபி போட்டு எடுத்து வந்தாள். நான் அதைக் குடித்துக்கொண்டே, வந்த திரைகளிலெல்லாம் "அடுத்து" என்பதை அழுத்திக்கொண்டு போய்க் கைபேசியின் முகப்பைப் பார்த்தேன். சிவப்புப் படம் இல்லை. கைபேசியைக் கவிழ்த்துப் பூங்காவனத்தின் கையில் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பேச்சைத் திரும்பக் கேட்கப் பூங்காவனத்துக்கு மனம் வராது. மற்றபடி அழைப்பு வந்தால் எடுப்பதோடு சரி. அதனால் நான்கு நாள் அவள் அதைத் தேடவில்லை. 06.10.2025 திங்கட்கிழமை, விசாரணைக்காக அதைத் தனியாக நகல் எடுத்து வாங்கக் கைபேசியைக் கிரண் கடையில் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது கிரண், "இதுல ஒண்ணுமே இல்லக்கா, மொத்தமா அழிஞ்சிகீது" என்று சொல்லியிருக்கிறான். கிரண் கடை இருக்கும் கட்டடம் அன்பரசுவுக்குச் சொந்தமானது. பூங்காவனம் நேராக என் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "மாமா, அன்னிக்கு நீங்க சரி பண்ணிக் குடுத்தப்போ அது இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்று சொன்னேன்.

நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். அதை வைத்துத்தான் மறுநாள் அவள், அன்பரசுவுக்காகக் கிரண் பதிவை அழித்துவிட்டான் என்று புகார் கொடுத்தாள். கிரணை விசாரணைக்கு அழைத்தார்கள். கடை மூடிக் கிடந்தது. இரண்டு நாள் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்கும் போனேன்.

அதன் பிறகு நேற்று 09.10.2025 வியாழக்கிழமை மதியம், டவுன் பஸ்ஸில் ஆரணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி கிரண் கடை முன்னால் மெதுவாகப் போயிற்று. இழுத்து மூடியிருந்த ஷட்டரில் யாரோ கரியால் "துரோகி" என்று எழுதியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டவில்லை. படித்தவர்கள் படிப்பதுபோல், பார்த்ததும் படித்துவிட்டேன். அப்படி எந்தச் சொல்லையும் அதுவரை நான் படித்ததில்லை. படிக்க வந்த நாளிலிருந்து இப்படி ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தேன். பதிவை அழித்தது நான். கிரண் அதைத் தொடவில்லை. அன்பரசுவிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ நான் எதுவும் வாங்கிக்கொண்டு இதைச் செய்யவில்லை. படிக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கச் செய்தேன்.

செப்டம்பரில் நான் எழுதித் தராமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எழுத்துத் தெரியாமல் எழுபது வருடம் இருந்தவன், கேட்டதை மறக்கமாட்டேன். அன்பரசு பேசியது இதுதான்: "இத பாரும்மா, உன் பொண்ணு என் ஷெட்ல வேல செஞ்சானு எவன் கேட்டாலும் இல்லன்னு சொல்லு. கிரைண்டர்னு ஆஸ்பத்திரில எழுதிகீறாங்கல்ல, அத அப்டியே வுடு. பெல்ட்டு மூடிய நான்தான் கழட்டச் சொன்னேன், வேல ஜல்தியா ஆவணும்னு. அதுக்கு இன்னா இப்போ?" அதற்குப் பூங்காவனம், "அண்ணா, அவளுக்கு ரெண்டு வெரலு போச்சுண்ணா" என்றாள். அன்பரசு, "ரெண்டுதானே" என்றார். அதன் பிறகு சிறிது நேரம் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் கேட்டதாக எழுதிக் கொடுப்பது விசாரணையில் எடுபடுமா என்று ஏட்டம்மாவைக் கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். 16-ஆம் தேதி எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்போது மணி நாலரை. ஏட்டம்மா சொல்லி அனுப்பிப் பூங்காவனம் வந்திருக்கிறாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டாள். இதை அவளுக்குத் தானே படித்துக் காட்டுவதாக ஏட்டம்மா சொன்னார். வேண்டாம், நானே படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேரம் ஆகும். அவள் கேட்கும்வரை கேட்கட்டும்.

மேலே உள்ள எல்லாம் உண்மை. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை எனக்கு யாரும் படித்துக் காட்டவும் இல்லை. முதல் வரியிலிருந்து இந்த வரி வரை நானே விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். ஒரு வரியும் தாண்டவில்லை.

இப்படிக்கு,
ஏ. மாணிக்கவேல்
10.10.2025