பஸ்ஸில் ஏறாத வண்டி

— இது பஸ்ல ஏறாது அக்கா.

— எது?

— இந்த மூணு சக்கரக் குழந்தை வண்டி. பின்பக்கம் எவ்வளவு அகலமா இருக்கு பாரு. படியிலயே மாட்டிக்கும்.

— ஏண்டி ஹூயா, நம்ம ஊரு தோக்கோமாருல ஏதுடி பஸ்? பள்ளிக்கூடத்து பஸ் ஒண்ணு வரும். ஆத்துல தண்ணி ஏறிட்டா அதுவும் வராது.

— இல்ல, சும்மா சொன்னேன்.

— காலையில எழுந்ததுலேருந்து சும்மா சும்மான்னுதான் சொல்லிட்டு இருக்கே. கலரு சும்மா பிடிக்கல, டயரு சும்மா பெருசா இருக்கு, இப்ப பஸ்ஸு.

— கண்ணுகளா, சண்டை வேணாம். முப்பது வருஷமா நான் வெலிங்டன்ல இதே கடையிலதான் நிக்கறேன். இந்த க்ளெனிஸ் பார்க்காத சண்டை இல்ல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியைத் தள்ளிட்டு ஆளுக்கொரு வாசல்ல போயிருக்காங்க. முதல்ல இதைச் சொல்லுங்க. வண்டியைத் தள்ளப்போறது யாரு?

— நான். ராவினியா. இவ என் தங்கச்சி.

— அட, வயித்தைப் பார்த்துட்டு இந்தப் பொண்ணுக்குன்னு நினைச்சேன்.

— சுமக்கறது அவ, வளர்க்கப்போறது நான். எங்க ஜனங்கள்ல அது உண்டு.

— தெரியாம என்ன? எங்க தெருவுலயே ரெண்டு பிள்ளைங்க அப்படி வளருதுங்க. ரெண்டு அம்மாகிட்டயும் கிறிஸ்துமஸுக்குப் பரிசு வாங்கிடுதுங்க, சாமர்த்தியசாலிங்க. சரி, உங்க வீட்டு வழி எப்படி? தார் ரோடா?

— தாரெல்லாம் தபால் பெட்டியோட சரி. அதுக்கப்புறம் வீடு வரைக்கும் சரளைக்கல்லு. நடுவுல மாடு தாண்டாம இருக்க இரும்புக் கம்பி போட்ட பாலம் ஒண்ணு. வீட்டுக்கு முன்னாடி மேடு, பின்னாடி கடக்கரை.

— அப்ப யோசிக்கவே வேணாம். இதுதான். காத்தடிச்ச டயரு, முன்னாடி ஒத்தைச் சக்கரம். கல்லு வந்தா ஏறிப் போயிட்டே இருக்கும். நாலு சக்கரம்னா முன்னாடி இருக்கற ரெண்டும் இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு இழுக்கும். போன வாரம் ஒருத்தன் உள்ள ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வெச்சு, கடைக்குப் பின்னாடி இருக்கற மேட்டுல ஏத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான் வாங்கிட்டுப் போனான். நீயும் தள்ளிப் பாரு.

— ஆத்தாடி, ஒத்தை விரல்ல போகுதே! ஹூயா, இங்க வா. தள்ளிப் பாரு.

— வேணாம்.

— வாடி.

— முதுகு வலிக்குது அக்கா.

— ரெண்டடிதானே? சித்திக்கு வண்டி தள்ளத் தெரியாம இருந்தா எப்படி? லீவுக்கு லீவு ஊருக்கு வருவேல்ல?

— சித்தியா?

— வேற எப்படிக் கூப்பிடும்? இதெல்லாம் பேசினதுதானே. எதையும் மறைக்கப் போறதில்ல. எல்லாத்தையும் சொல்லித்தான் வளர்க்கப்போறோம். வாயால கூப்பிடறது மட்டும் சித்தி.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல, சும்மா. க்ளெனிஸ், பொறந்த குழந்தையை இதுல படுக்கவெச்சா கழுத்து தொங்காதா?

— நல்ல கேள்வி. இந்த சீட்டை முழுசா சாய்ச்சிடலாம். அது போதாதுன்னா தனியா ஒரு படுக்கைப் பெட்டி இருக்கு, மேல மாட்டிக்கலாம். ஆனா ஒண்ணு, ஆறு மாசம் ஆகற வரைக்கும் சரளையில வேகமாத் தள்ளக் கூடாது. எலும்பெல்லாம் இளசு. மெதுவாத்தான் போகணும்.

— கேட்டியா அக்கா? ஆறு மாசம்.

— கேட்டேன். அதுக்கு எதுக்கு இப்படி சந்தோஷப்படறே?

— நான் எங்க சந்தோஷப்பட்டேன்?

— அந்த நாலு சக்கரத்துக்கிட்ட ஏன் போறே? அது நமக்கு ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க.

— சும்மா பார்க்கறேன். க்ளெனிஸ், இது எவ்வளவு அகலம்?

— ஐம்பது சென்டிமீட்டர் கண்ணு. அது டவுன் வண்டி. ஒரு கையால குடை மாதிரி மடக்கலாம். பஸ்ஸு, லிஃப்ட்டு, எதுலயும் நுழையும். உங்க அக்கா ஊர்க் கல்லுல போட்டா மட்டும் பல்லெல்லாம் ஆடிப்போயிடும்.

— ஐம்பதுன்னா என் வீட்டுக் கதவுல தாராளமா வரும். மாடிப்படித் திருப்பத்துலயும் வரும்.

— மாடிப்படித் திருப்பத்தை எப்ப அளந்தே ஹூயா?

— நீங்க வந்து தங்கினா ஆகும்ல, அதுக்குத்தான்.

— வருஷத்துல நாலு நாள் நாங்க தங்கறதுக்கு நீ டேப்பை வெச்சு அளந்தியா?

— சண்டைக்கு வராதே அக்கா. எனக்கு அந்தப் பெரிய வண்டி பிடிக்கலன்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான். கால் வைக்கற இடம் அதுல ரொம்பக் கிட்ட இருக்கு. தியாஹோவுக்குக் கால் நீளம். இடிக்கும்.

— யாருக்கு?

— குழந்தைக்கு.

— இல்ல. ஒரு பேரு சொன்னே.

— கண்ணுகளா, நான் போய் அந்தப் படுக்கைப் பெட்டியை எடுத்துட்டு வர்றேன். கிடங்குல அடியில எங்கயோ இருக்கும். தேடறதுக்கு நேரமாகும். ஆகலன்னாலும் ஆக்கிட்டுத்தான் வருவேன்.

— யாருடி தியாஹோ?

— அக்கா, இது கடை.

— அந்தம்மா போயாச்சு. சொல்லு. பொண்ணா பொறந்தா அம்மா பேரு, தெ பாயான்னு வைக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். நீயும்தானே தலையாட்டினே?

— அது நீங்க வைக்கப்போற பேரு. இது நான் கூப்பிடறது. எட்டு மாசமா ஒரு உசுரு கூடவே இருக்கு, ஏதாவது சொல்லிக் கூப்பிட வேணாமா?

— அது பொண்ணு பேராச்சே. பொண்ணுன்னு தெரியுமா உனக்கு?

— தெரியும்.

— எப்பலேருந்து?

— அஞ்சாவது மாசம். தனியாத்தான் ஸ்கேனுக்குப் போயிருந்தேன். திரையில காட்டினாங்க. கேக்காம இருக்க முடியல அக்கா.

— பொறந்ததும் பார்த்துக்கலாம், அதுதான் அழகுன்னு என் வீட்டுக்காரன் ஹோஹேபா சொன்னான். நானும் கேக்கல மாமான்னு போன்ல அவன்கிட்ட சொன்னே. இன்னும் பொண்ணா பையனான்னு தெரியாம, குழந்தை ரூமுக்கு மஞ்சள் அடிச்சிருக்கான் அந்த மனுஷன். வேற என்ன மறைச்சே?

— வேற ஒண்ணும் இல்ல.

— என்னைப் பார்த்துச் சொல்லு.

— ஒரு தொட்டில் இருக்கு.

— எங்க?

— வீட்டுலதான். நான் காசு குடுத்து வாங்கல. கீழ் வீட்டு சமோவாக்காரம்மா குடுத்தாங்க. அவங்க பேரனோடது. மூணு மாடி அவங்களே தூக்கிட்டு வந்தாங்க. வேணாம்னு சொல்ல வாய் வரல.

— நேத்து வந்ததுலேருந்து நான் ஏன் அதைப் பார்க்கல?

— போர்வை போட்டு மூடி, மேல துணியை மடிச்சு அடுக்கி வெச்சிருந்தேன்.

— ஜன்னலோரம் இருக்கே, அதுவா?

— ம்.

— என் பையை அது மேலதானே வெச்சேன்?

— ஆமா.

— ராத்திரி பூரா அது பக்கத்துலயேதான் படுத்திருந்தேன். நீ பார்த்துட்டு வாயை மூடிட்டு இருந்தே.

— என்ன சொல்றதுன்னு தெரியல அக்கா.

— என்ன சொல்றதுன்னா? விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ஒன்பது மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் தனியா பாட்டுப் பாடிட்டு வந்தேன், பைத்தியக்காரி மாதிரி. மூணு தடவை என் வயித்துல நிக்கல. மூணாவது தடவைக்கு அப்புறம் அந்த ரூம் கதவை நாங்க திறக்கவே இல்ல, தெரியுமா? அதுல கூட்டினது கிடையாது, பெருக்கினது கிடையாது. உன் வார்த்தையை நம்பித்தான் திறந்தோம்.

— தெரியும்.

— நான் கேட்டேனா? ஒரு நாளாவது வாயைத் திறந்து உன்கிட்ட குடுன்னு கேட்டிருக்கேனா?

— இல்ல.

— நீயா வந்தே. அம்மாவைப் புதைச்சுட்டு வந்த அன்னிக்கு, ஊர்க்கூடத்து சமையல்கட்டுல, கை நிறைய சோப்பு நுரையோட நின்னுட்டு, பொறந்தா உனக்குத்தான் அக்கான்னு சொன்னே. அத்தைங்க எல்லாம் தட்டைக் கீழ வெச்சுட்டு அழுதாங்க. சொன்னியா இல்லையா?

— சொன்னேன். அப்ப அது வெறும் வாந்திதான் அக்கா.

— என்ன பேச்சு இது?

— நிஜமாத்தான். குழந்தைன்னே தோணல. இதுக்கு அப்பன் பிரிஸ்பேனுக்குப் போயிட்டு போன் நம்பரை மாத்திட்டான். அம்மாவும் போயிட்டா. நான் எதுக்கும் லாயக்கில்லாம அங்க நின்னு தட்டு கழுவிட்டு இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். இவளுக்கு ஏதாவது குடுத்தா நானும் ஒரு மனுஷின்னு இருக்கும்போல தோணுச்சு. குடுத்துட்டேன். அது இப்படி உதைக்கும்னு எனக்கு யார் சொன்னா?

— அப்ப இப்ப இல்லன்னு சொல்றியா? பஸ்ஸு, கதவு, கால் நீளம்னு சுத்தி வளைக்காதே. நேரா சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— ஏன்?

— சொன்னது சொன்னதுதான் அக்கா. அத்தனை பேர் முன்னாடி சொன்னதைத் திருப்பி வாங்க என்னால ஆகாது. உன் முகத்தைப் பார்த்துட்டு வாங்கவே ஆகாது. மூணு சக்கரத்தையே எடு. நல்ல வண்டி. நான்தான் வேணும்னே குறை சொல்லிட்டு இருந்தேன்.

— ஹூயா...

— கொஞ்சம் நான் சொல்றதைக் கேட்டுக்கோ, அது போதும். சரளையில வேகமாப் போகாதே. கம்பிப் பாலம் வந்தா கையில தூக்கிடு. கைப்பிடியில ஒரு வார் தொங்குதுல்ல, அதை மணிக்கட்டுல மாட்டாம மேட்டுல இறங்கவே இறங்காதே. ஹோஹேபா மாமாகிட்டயும் சொல்லு, அவரு மாட்ட மாட்டாரு.

— சரி.

— அவரு சிரிச்சா ஊரே அதிரும். பழகற வரைக்கும் மெதுவா சிரிக்கச் சொல்லு. ரேடியோவுல ரக்பி வெச்சா உதைப்பா, வைக்காதே. வானிலை வாசிச்சா தூங்கிடுவா. சாயங்காலம் வாசிக்கற அந்தம்மா குரல்னா உடனே அடங்கிடுவா. அங்கேயும் அதே ஸ்டேஷன் வருமா?

— வரும்னு நினைக்கிறேன்.

— கரகரன்னு இருந்தா ஏரியலை மாத்து. அப்புறம், நாலு மணிக்கு விக்கல் வரும். பயந்துடாதே. தினமும் வருது, கால் மணி நேரம் இருக்கும்.

— உள்ள இருக்கும்போது வர்றது வெளிய வந்தா வருமாடி?

— எனக்கென்ன தெரியும்? வந்தா என்ன பண்றதுன்னு சொல்றேன். இடது பக்கம் உள்ளங்கையை வெச்சு, சும்மா வெச்சுட்டு இருந்தா நின்னுடும். தட்டாதே, தட்டினா பிடிக்காது.

— போதும்டி.

— இல்ல, இதையும் கேட்டுக்கோ. வேற யார்கிட்ட நான் சொல்றது? உன் கையைக் குடு.

— வேணாம்.

— குடு அக்கா. இங்க இல்ல, இன்னும் கீழ. இரு... ஆங், மணி நாலு, வந்துடுச்சு. தெரியுதா?

— இது உதையாடி?

— விக்கல் அக்கா, தெரியுதா?

— தெரியுது.

— கையை எடுக்காதே. கொஞ்ச நேரம் வெச்சிரு. நிக்குதா பாரு.

— நிக்கல.

— உன் கை சில்லுன்னு இருக்கு, அதான். இரு, நான் வைக்கிறேன்... இப்ப?

— நின்னுடுச்சு.

— பழகிடும் அக்கா. உன் கையும் பழகிடும்.

— வரலாமா கண்ணுகளா? பெட்டி கிடைச்சுடுச்சு. ரொம்ப நேரம் முன்னாடியே கிடைச்சுடுச்சு, அங்கயே உக்காந்து ரெண்டு பிஸ்கட்டும் தின்னுட்டேன். என்ன, முடிவு பண்ணியாச்சா?

— ஆச்சு. மூணு சக்கரமே குடுத்துடுங்க. பச்சை.

— கெட்டிக்காரப் பொண்ணு. அந்தப் பச்சையில இதுதான் கடைசி. அப்ப உத்தரவாதச் சீட்டை எழுதிடறேன். சக்கரம் கோணிச்சு, பிரேக் பிடிக்கலன்னா இதைக் காட்டினா போதும். குழந்தையோட அம்மா பேரு?

— ராவினியா. எழுத்து சொல்லட்டுமா?

— வேணாம், அந்தப் பேருல எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா. ரா... வி... னியா. அவ்வளவுதான். எழுதியாச்சு.

— அடிச்சுடுங்க.

— என்னது?

— அந்தப் பேரை அடிச்சுட்டு ஹூயான்னு எழுதுங்க.

— அக்கா, என்ன பண்றே நீ?

— நீ பேசாதே. நான் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே. ஹோஹேபாகிட்ட நான் சொல்லிக்கறேன். க்ளெனிஸ், இந்த மூணு சக்கரத்தை உள்ள தள்ளிட்டு, பஸ்ல ஏறுறதைக் கொண்டாங்க.