மூணு லிட்டர் தண்ணி

நம்ம கூட்டத்துக்கு டீ வர இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம். அதுக்குள்ள ஒரு கதையைச் சொல்லி முடிச்சிடறேன். சின்னக் கதைதான்... அதனால தூங்குறவங்களை யாரும் எழுப்ப வேண்டாம்.

கடலோரத்துல ஒரு உப்பளம். ஊர் பேரு வேண்டாம். பேரைச் சொன்னா நாளைக்கே அங்க ஒரு குழு கிளம்பிடும்! அந்த உப்பளத்துல அறுபது பொம்பளைங்க வேலை பாக்கறாங்க. காலையில ஆறு மணிக்குப் பாத்தியில இறங்கினா, மதியம் ரெண்டு மணி வரைக்கும் உப்பு வாரணும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை வெளேர்னு கிடக்கும். ஒரு மரம் இல்ல... ஒரு புதர் இல்ல... ஒரு குட்டிச்சுவர்கூட இல்ல.

அந்தப் பொம்பளைங்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. காய்ச்சல், இடுப்பு வலி, மயக்கம். பேச்சியம்மாள்னு ஒருத்தி, முப்பத்தி நாலு வயசு, வேலை பாக்கும்போதே பாத்தியில விழுந்துட்டா. பெரியாஸ்பத்திரியில பதினோரு நாள். கிருமி கிட்னி வரைக்கும் போயிடுச்சு. பிழைச்சது பெரும்பாடு.

அரசாங்கம் சும்மா இருக்குமா? இருக்காது! குழு வந்துச்சு. டாக்டர் ஹேமலதான்னு ஒரு அம்மா தலைமை. நல்லவங்க... கெட்டவங்களா இருந்திருந்தா கதை எனக்கு இன்னும் சுலபம். ஊர்ப் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டாங்க. எல்லாருக்கும் பரிசோதனை, மாத்திரை. கடைசியில என்ன கண்டுபிடிச்சாங்க? "இந்தப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. விழிப்புணர்வு போதாது!"

விழிப்புணர்வு போதலைன்னா நாம என்ன பண்ணுவோம்? போஸ்டர் அடிப்போம்! 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்போம்!' அதுல சிரிச்ச முகமா ஒரு பொண்ணு, கையில கண்ணாடி டம்ளர். கூடவே ஆளுக்கு ஒரு நீலக்கலர் பாட்டில்.

பாட்டிலை வாங்கினா சந்தனமாரி. பேச்சியம்மாளோட நாத்தனார். அவ கேட்டா: "டாக்டரம்மா, நீங்க சொல்றபடியே குடிக்கிறோம்... குடிச்சிட்டு?"

"குடிச்சிட்டு என்னம்மா? நல்லா இருப்பீங்க!"

பொம்பளைங்க எல்லாரும் சிரிச்சாங்க. டாக்டரும் சிரிச்சாங்க. எதுக்குன்னு தெரியாமலே சிரிச்சாங்க!

ரெண்டு மாசம் ஆச்சு. நோய் குறையல. உடனே அறிக்கை: 'பயனாளிகள் ஒத்துழைக்கவில்லை.' பாத்தீங்களா? மருந்து தோத்தாலும் சரி, திட்டம் தோத்தாலும் சரி... குற்றவாளி யாரு? நோயாளி!

சந்தனமாரி எட்டாவது வரைக்கும் படிச்சவ. ஒரு நோட்டை எடுத்தா. கூட நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு வீடு வீடாப் போனா. மூணே கேள்வி. "எப்ப தண்ணி குடிக்கிற? எப்ப ஒதுங்குற? கடைசியா எப்ப கடுப்பு வந்துச்சு?" அறுபது பேர்ல அம்பத்தி மூணு பேர் ஒரே பதில்தான் சொன்னாங்க. "வேலைக்குப் போனா சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்க்கா. குடிச்சா எங்க போய் ஒதுங்க? இந்தப் பக்கம் கங்காணி நிக்கான், அந்தப் பக்கம் லாரிக்காரன் நிக்கான்."

டாக்டரம்மாவை உப்பளத்துக்கே கூப்பிட்டாங்க. அவங்களும் காலையில ஏழு மணிக்கே வந்துட்டாங்க. வந்தவங்களை உபசரிக்கணுமா, இல்லையா? "வாங்கம்மா, இந்தாங்க மோர்." குடிச்சாங்க. "வெயில் ஏறுது, இந்தாங்க இளநி." குடிச்சாங்க. "தண்ணி குடிங்கம்மா... நீங்கதானே மூணு லிட்டர்னு சொன்னீங்க?" மறுக்க முடியுமா? குடிச்சாங்க!

திட்டம் போட்டுத்தான் செஞ்சாங்களான்னு என்னைக் கேக்காதீங்க. நான் அதை விருந்தோம்பல்னுதான் நினைக்கிறேன்.

மணி பத்து. டாக்டரம்மா இந்தக் கால்ல நிக்கறாங்க... அந்தக் கால்ல நிக்கறாங்க... மெதுவா சந்தனமாரி காதுகிட்ட வந்து, "ஏம்மா... இங்க... பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் போங்கம்மா. எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்."

ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். ஜீப் அந்த வேகத்துல அதுக்கு முன்னாடியும் போனதில்ல, அதுக்கப்புறமும் போனதில்ல!

சிரிக்கிறீங்க... சிரிங்க. ஆனா திரும்பி வந்த டாக்டரம்மா சிரிக்கல. "இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"ன்னு கேட்டாங்க.

இன்னும் வேலைக்குத் திரும்பாம, டாக்டரம்மாவைப் பாக்கவே வந்திருந்த பேச்சியம்மாள்தான் பதில் சொன்னா. "கேட்டோமேம்மா. குடிச்சிட்டு என்னன்னு அன்னைக்கே கேட்டோமே. நீங்கதான் நல்லா இருப்பீங்கன்னு சொன்னீங்க."

டாக்டரம்மாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. அப்படியே வரப்புல உக்காந்துட்டாங்க. நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாங்க.

அப்புறம் கழிப்பறைக்கு அனுமதி கிடைச்சுது. அதிகாரிங்க எங்க கட்டணும்னாங்க தெரியுமா? மெயின் ரோட்டுல! திறப்பு விழாவுக்குக் கார் வரணும்ல? இந்தத் தடவை பொம்பளைங்க விடல. இடத்தை முடிவு பண்ற கூட்டத்துக்கே போய் உக்காந்துட்டாங்க. "ரோட்டுல கட்டினா விழாவுக்கு வர்றவங்க போவாங்க. நாங்க எங்கங்கய்யா போறது?" பாத்திகளுக்கு நடுவுல, தண்ணித் தொட்டியோட, லாரிப் பாதைக்கு முதுகு காட்டி வாசல் வெக்கச் சொன்னாங்க. சாவியும் பராமரிப்பும் எங்க கையிலன்னாங்க. டாக்டரம்மா அவங்க பக்கம் நின்னாங்க. அப்படியே கட்டினாங்க. ஒரு வருஷத்துல நீர்க்கடுப்புன்னு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க பாதிக்கும் கீழ குறைஞ்சாங்க. பேச்சியம்மாள் மறுபடி வேலைக்கு வந்துட்டா. வாசல்ல கல்வெட்டு இருக்கு... பதினோரு பேரு பொறிச்சிருக்கு. சந்தனமாரி பேரைத் தேடினேன். கல்லுல இடம் போதலையாம்!

இங்க உக்காந்திருக்கிற டாக்டர்களே, அதிகாரிகளே, தொண்டு நிறுவனத்து நண்பர்களே... என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். நாம ஜனங்ககிட்ட மருந்து கொண்டு போறோம், நல்லது. அறிவுரை கொண்டு போறோம், சரி. கூடவே முடிவையும் இங்கயே எழுதிக் கையில எடுத்துட்டுப் போறோமே, அது என்ன நியாயம்? 'விழிப்புணர்வு இல்லை'ன்னு எழுதறதுக்கு முன்னாடி, யாருக்கு இல்லைன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. திட்டம் போடற கூட்டத்துல அந்த ஜனங்களுக்கு நாற்காலி போடுங்க. கைதட்டுறதுக்கு இல்ல... கையெழுத்துப் போடுறதுக்கு.

உடம்பு அவங்களோடது. வலி அவங்களோடது. முடிவு மட்டும் எப்படிங்க நம்மளோடது ஆச்சு?