காணிக்கைக் கத்திரிக்காய்

கிணத்துக்கடவு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், சர்ச்சில் ஆராதனையும் காணிக்கைப் பொருட்களின் ஏலமும் முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள்.

"ஏனுங்க்கா, அறுப்பின் பண்டிகை ஏலத்துல உங்க கத்திரிக்காயை நான் எடுக்கலீங்க. ஒரு சொத்தைகூட இல்லீங்களே, அதான் சந்தேகம். மருந்தடிச்சு எத்தன நாளாச்சுங்க?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முந்தாநேத்து. ஆண்டவருக்கு வெக்கறது பளிச்சுனு இருக்கோணுமில்ல அம்மணி?"

"உங்க ஊட்டுக்குங்க?"

"அதுக்குத் தனியா நாலு செடி. மருந்தே அடிக்கறதில்ல."

"பூமியக் காப்பாத்தோணும்னு பாஸ்டர் சொன்னப்ப, நீங்கதானுங்க சத்தமா ஆமென் சொன்னீங்க! ஏலத்துல யாருங்க எடுத்தது?"

"நம்ம ஸ்டெல்லா. குழந்தைக்குக் கடைஞ்சு ஊட்டறேன்னுச்சு."

"அய்யோ, போனைப் போடுங்க மொதல்ல!"

மூத்தவர் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தினார். "கண்ணு, அந்தக் காயை அடுப்புல வெச்சுப்போடாத. எங்க ஊட்டுச் செடியில பறிச்சுட்டு நானே வாரேன்."

என் பையிலும் கத்திரிக்காய் இருந்தது, மகளுக்காகச் சந்தையில் வாங்கியது. அதை விளைவித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது.