குழாய்க்குள் உப்பு

“குழாயில ஊத்தற மருந்து உப்ப எடுக்காதுக்கா. உப்பு தண்ணியிலயேதான் இருக்கும்.”

பென்னாகரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இதைச் சொன்னவள் குடிநீர் சுத்திகரிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மற்றவளின் மடியில், தக்காளித் தோட்டத்திலிருந்து வெட்டி வந்த சொட்டுநீர்க் குழாய்த் துண்டு ஒன்று. பிளந்த குழாய்க்குள் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை.

“அப்புறம் எதுக்கு அத ஊத்தறது?”

“உப்பு மொதல்ல கண்ணுக்கே தெரியாத பொடிக் கல்லா சேரும். மருந்து அது மேல போயி ஒட்டிக்கும். கல்லு வளராது, குழாயிலயும் புடிக்காது, தண்ணியோடவே போயிரும். எங்க மெஷினுக்குத் தெனமும் சொட்டு சொட்டா வுடறோம்.”

“புடிச்சதக் கரைக்காதா? பூ வெச்ச செடி பாதி தண்ணி வராம வாடுது.”

“அதுக்கு ஆசிட்டுதான். இந்த மருந்து உப்பு புடிக்கறதுக்கு முன்னாடியே உள்ள போவணும். கடைக்காரரு குடுக்கலயா?”

“குழா போட்டப்பவே ஒரு கேன் குடுத்தாரு.”

“என்ன பண்ணீங்க?”

அவள் வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“அப்ப தண்ணி நல்லாத்தான் வந்துச்சு. உப்பு தெரிஞ்சா ஊத்திக்கலாம்னு மோட்டார் ரூம்புல பத்தரமா வெச்சிருக்கறோம். இன்னும் சீலுகூட ஒடைக்கல.”