உதவிப்படம்

விடைத்தாள் திருத்தும்போது நான் டீ குடிப்பதில்லை. டம்ளரின் வட்டம் தாளில் விழுந்தால் பிள்ளைகள் அதை முட்டை என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுவதும் இப்படிச் சின்ன விஷயங்களில் கவனமாகத்தான் இருந்திருக்கிறேன்.

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஒவ்வொரு கோடையிலும் வாசலில் பேனர் கட்டுவார்கள். அந்த நூறு எப்படி வருகிறது என்று ஊருக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் முப்பத்தைந்து எடுக்காத பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிடுவோம். இங்கேயே இருந்தால் ஒன்பதாவதைத் திரும்பப் படிக்கவேண்டும், டி.சி. வாங்கிக்கொண்டால் பாஸ் என்று போட்டுத் தருகிறோம், வேறு பள்ளியில் பத்தாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்போம். நாங்களாக யாரையும் வெளியே அனுப்பியதில்லை. அவர்களே கையெழுத்துப் போட்டார்கள்.

பெரும்பாலும் கணக்கில்தான் விழுவார்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு வடிவியல்தான் கைகொடுக்கும். ஒரு முக்கோணம் வரைந்தால் எட்டு மதிப்பெண். வரைவதற்கு முன்னால் பென்சிலில் தோராயமாக ஒரு படம் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு உதவிப்படம் என்று பெயர். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, போட்டால் இரண்டு மதிப்பெண். போடாவிட்டால் அந்த இரண்டு போய்விடும். பல பிள்ளைகள் அந்த இரண்டில்தான் வெளியே போனார்கள்.

வல்லத்திலிருந்து வந்த தமிழினியும் அப்படிப் போனவள்தான். அவள் உதவிப்படம் போடவில்லை, அது உண்மை. அவள் அப்பா கன்னியப்பன் எலக்ட்ரீஷியன். ஆபீஸ் அறையில் தாளைக் காட்டினேன்.

"ரெண்டு மார்க்குதான சார். பாத்துப் போடக்கூடாதா?"

"ஒருத்தருக்குப் பாத்தா எல்லாருக்கும் பாக்கணுங்க."

"உன் பொண்ணா இருந்தா இன்னா வாத்தியாரே பண்ணுவ? இப்படித்தான் கழட்டி வுடுவியா?"

பெஞ்சில் காத்திருந்த இன்னொருவர், "அவரு பொண்ணுக்கு கொஸ்டின் பேப்பரே ஊட்டுக்கு வந்துடும்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மகள் பூங்குழலி அப்போது அதே பள்ளியில் எட்டாவது. அவளுக்குக் கணக்கு வராது. நான் வீட்டில் வடிவியலை மட்டும் திரும்பத் திரும்பப் போடவைத்தேன். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்புத் தாள்களும் என்னிடமே வந்தன. குழலிக்கு முப்பத்து நான்கு. உதவிப்படம் இல்லை.

எங்கள் கரஸ்பாண்டன்ட் ஆனந்தராஜ் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு எதுக்கு சார் டி.சி.? ரெண்டு மார்க்கு, நானே போட்டுக்கறேன், வுடுங்க" என்றார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது. கதவு திறந்திருந்தது. உள்ளே வரும்போது நான்தான் அதைத் திறந்து வைத்தேன்.

அன்று மாலை குழலி என் எதிரில் வந்து நின்றாள். "உதவிப்படம் போட்டேனே, நைனா. மொனை கூட ஒடிஞ்சுது. சீவிட்டுப் போட்டேன்."

"போடணும்னு நெனச்சிருப்ப. நெனச்சதுக்கும் போட்டதுக்கும் வித்தியாசம் இருக்குது."

"புள்ள இவ்ளோ சொல்லுதே, இன்னொரு வாட்டி பாத்தாத்தான் இன்னா?" என்றாள் என் மனைவி மணிமொழி.

"பாத்தாச்சு" என்றேன்.

குழலி எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை. நான் சொன்னால் நம்புவாள். அன்றும் நம்பினாள். அதற்கப்புறம்தான் அந்தப் பழக்கம் வந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மோட்டாரை நிறுத்தினேனா என்று அம்மாவைக் கேட்பாள். "நீ பொறந்தியான்னு கூட என்னைத்தான் கேப்ப போலிருக்குது" என்பாள் மணிமொழி. குழலியும் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போய் மோட்டாரைப் பார்ப்பாள்.

வேறொரு பள்ளியில் பத்தாவது சேர்த்தேன். அங்கே யாரும் அவளை விரட்டவில்லை. ஓரளவு தேறி வந்தாள். பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை அன்று தனியாகத்தான் பஸ் ஏறினாள். நல்ல கூட்டம், பையைத் திறக்க இடமில்லை. பாதி வழியில் இறங்கவேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பிறகு என்னிடம் சொன்னார். "ஜாமெட்ரி பாக்ஸ எடுத்தேனா தெரியலண்ணா, ஊட்டுக்குப் போய்ப் பாக்கணும்னுச்சு சார். வச்சிருப்பம்மா, நல்லா யோசிச்சுப் பாருன்னேன். வச்சாப்லதான் தோணுது, ஆனா எனக்குத் தோணுறதெல்லாம் நெசமா இருக்காதுண்ணான்னு சொல்லிட்டு எறங்கிச்சு."

திரும்பி வர எதிர்ப்பக்கம்தான் பஸ் ஏறவேண்டும். அவசரமாகச் சாலையைக் கடந்திருக்கிறாள். லாரி மேல் கேஸ் நடக்கிறது. அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பையைக் கொடுத்தார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் அதில்தான் இருந்தது. பென்சில்களைச் சீவி அடுக்கி வைத்திருந்தாள்.

சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. களைப்பாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவதில் அவள் உதவிப்படம் போட்டிருந்தாள். தாளின் இடது ஓரத்தில், புதிதாகச் சீவிய முனையில் கறுப்பாகவே விழுந்திருந்தது. கூட்டிப் பார்த்தேன், முப்பத்தாறு. வீட்டில், ராஜகிரிக் கோட்டை தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கன்னியப்பன் கேட்டதும் பெஞ்சில் சிரித்ததும் ஞாபகத்துக்கு வந்தன. முப்பத்தாறு என்று போட்டால் யார் நம்புவார்கள்? வாத்தியார் மகள் கரையேறிவிட்டாள் என்பார்கள். ரப்பர் மேசையிலேயே இருந்தது. தாள் நைந்துபோகாமல் மெதுவாக அழித்தேன், துகளை ஊதிவிட்டேன். பிறகு ஓரத்தில் சிவப்பு மையால் 'உதவிப்படம் இல்லை' என்று எழுதினேன்.

மணிமொழிக்கு இது தெரியாது.

காரியத்தன்று கன்னியப்பன் வந்திருந்தார். எல்லாரும் பார்க்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உன் பொண்ணா இருந்தான்னு அன்னிக்கு வாய் தவறிக் கேட்டுட்டேன் சார். பெத்த பொண்ணுக்கே ரெண்டு மார்க்கு போடாத மனுசன் நீங்க. உங்களப் போயி அப்படிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க சார்" என்று அழுதார்.

எனக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. அங்கேயே அவரை மன்னித்துவிட்டேன்.