கதவு மூடிய பின் நாற்பது நிமிடம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளபடியே. வயது நாற்பத்திரண்டு. தொழில், பழைய கார்களுக்குத் தகடு அடித்து வெல்டிங் வைப்பது. பதினோரு வருடமாக என் மனைவியின் அண்ணன் பட்டறையில் வேலை செய்கிறேன், குடியிருப்பதும் அவர் வீட்டு மாடியில்தான். தற்போது அரசு மருத்துவமனையில் பதினேழாம் கட்டிலில் இருக்கிறேன். நேற்று தங்கள் காவல் நிலைய ஏட்டிடம், காரைத் தாங்கிய குழாய்களை நானே வெட்டினேன் என்று சொன்னது பொய். அதை மாற்றிச் சொல்லவே இன்று தங்களை வரச் சொன்னேன்.

பட்டறைக்கு வந்திருந்த ஒரு பழைய காரின் தரை இரண்டு பக்கமும் துருப்பிடித்து அரித்திருந்தது. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் வெட்டுவதே முறை. மச்சான் அவசரப்பட்டதால் இரண்டையும் வெட்டினோம். தரை இல்லாத கார் நடுவில் தொய்ந்துவிடும் என்பதால், இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து நானே பற்றவைத்தேன். அதன் பிறகு இடப்பக்கப் புதுத் தகட்டை ஏற்றினேன்.

சம்பவத்தன்று காலை பத்தரைக்கு, நான் காருக்குள் உட்கார்ந்து, வலப்பக்க ஓட்டை வழியாக வலது காலைக் கீழே விட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, மச்சான் கிரைண்டருடன் வந்தார். காருக்குச் சொந்தக்காரரான வண்டிக்காரர் வருகிறார், கதவு மூடுகிற அழகைக் காட்ட வேண்டும், குழாய் இடிக்கிறது என்றார்.

"வலப்பக்கம் இன்னும் ஏறல மச்சான், வெட்டாதீங்க."

"ரெண்டு நிமிஷம் மாப்பிள்ள, திரும்ப வச்சுக்கலாம். நீ இறங்காத, வேலை நடக்குற மாதிரி இருக்கட்டும்."

இரண்டு குழாயையும் அவரே வெட்டினார். இரண்டு கதவையும் அவரே மூடினார். பிறகு கார் முனகிக்கொண்டு நடுவில் இறங்கியது. கதவுகள் இறுகிக்கொண்டன. வெட்டிய விளிம்புக்கும் கீழே முட்டுக்கொடுத்திருந்த ஜாக்கிக்கும் நடுவில் என் கால் சிக்கியது. ஜாக்கியை இறக்கினால் கார் மொத்தமும் என்மேல் உட்காரும்; கதவைத் திறந்தால்தான் அதன் கீழே ஓடும் சட்டத்தை அறுத்துக் காலை எடுக்க முடியும். கடப்பாரை போட்டு நெம்பச் சொல்லிக் கத்தினேன். மச்சான் எண்ணெய் விட்டுப் பார்த்தார். துணி வைத்து மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தார்.

"இரு மாப்பிள்ள. தரை புதுசா அடிச்சுக்கலாம். இந்தக் கதவு இனிமே எங்கயும் கிடைக்காது."

தொழிலில் நானும் இதையே நூறு தடவை சொன்னவன்தான். அன்றைக்கு அதைக் கேட்டு அழுதேன்.

பதினொன்று பத்துக்கு வண்டிக்காரர் வந்தார். கடப்பாரையை எடுத்துத் தன் கதவைத் தானே உடைத்தார். கால் அதற்குள் கறுத்துவிட்டது. அன்று மாலையே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு மச்சான் வந்து, பழியை நான் ஏற்றால் மாடி வீடு கடைசி வரை எனக்குத்தான் என்றார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒத்துக்கொண்டேன். நேற்று இரவு என் மனைவி, உள்ளே எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று கேட்டாள். நாற்பது நிமிடம் என்றேன். அவளிடம் அவர் சொல்லியிருந்தது ஐந்து நிமிடம். "எழுதினவங்களத் திரும்பக் கூப்பிடுங்க" என்றாள்.

யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)

சாட்சி: மேற்படியாரின் மனைவி, பட்டறை உரிமையாளரின் உடன்பிறந்த தங்கை. (கையெழுத்து)